டார்ச் மட்டும் வரவில்லை

மார்ச் 3

கடையைத் திறந்ததும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வந்து உட்கார்ந்தார். கண் பரிசோதிக்க வந்தவர், கண்ணைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். மூன்றாவது வரியைப் படியுங்கள் என்றால், "அது கெடக்கட்டும்மா, அந்தக் கப்பல் விஷயம் முழுக்க நாடகம். தேர்தல் வருதில்ல? ராணுவம் போச்சாம், மீட்டுச்சாம், யார் காதுல பூ சுத்துறாங்க?" என்கிறார்.

மீட்கப்பட்டவர்களில் ஒருத்தர் என் புருஷன் என்று அவருக்குத் தெரியாது. முதலாளி உள்ளே இருந்து கண்ணைக் காட்டினார், வாயைத் திறக்காதே என்று. திறக்கவில்லை. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு வாத்தியாரைக் கொஞ்ச நேரம் திண்டாட விட்டேன். "இப்ப தெரியுதா சார்?" "ஒண்ணுமே தெரியலம்மா." "எனக்கும் அப்படித்தான் சார்." அற்ப சந்தோஷம்.

ஆனால் வரும் வழியெல்லாம் அதே யோசனை. அரசாங்கம் சொல்வது எல்லாருக்கும் மனப்பாடம். கப்பலைக் கடத்தியவர்கள், என் புருஷனோடு வேலை பார்த்த ஃபிட்டர் அண்ணனை மட்டும் மேல்தளத்துக்குத் தனியாக இழுத்துப்போய் முட்டி போடவைத்துச் சுட்டார்கள். மறுநாள் ராணுவம் இறங்கியது. மற்ற எல்லாரும் உயிரோடு வந்தார்கள். ராணுவத்தின் ஒரு தோட்டாகூடத் தவறவில்லை. இவரும் டிவியில் அதையேதான் சொன்னார். சொல்லும்போது கேமராவைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்தார். பொய் சொன்னால் இவர் செருப்பைத்தான் பார்ப்பார். கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

கேட்கவில்லை. ஆள் வந்துவிட்டார், அது போதும்.

மார்ச் 5

இன்றும் தரையில்தான் படுத்தார், கதவைப் பார்த்தபடி.

மார்ச் 8

ஞாயிற்றுக்கிழமை. ஃபிட்டர் அண்ணனின் மனைவி வந்தாள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு தெரு தள்ளி வீடு. இவரும் ஃபிட்டர் அண்ணனும் ஒரே கப்பலில், ஒரே இயந்திர அறையில் வேலை. அண்ணன் ரிப்பேர் பார்ப்பார், இவர் எண்ணெய் விடுவார், துடைப்பார். அண்ணனுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்ததே நான்தான்.

செருப்புச் சத்தம் கேட்டதுமே இவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். அக்காவுக்குப் புரியாமலா இருக்கும்? அவள் உட்கார்ந்து நிதானமாகப் பேசினாள்.

"ராணுவம் வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே கொன்னுட்டாங்கன்னு சொல்றாங்க தங்கச்சி. ஆனா அன்னிக்கு ராத்திரி எங்கிட்ட போன்ல பேசினாரு. கடத்துனவங்களே குடுத்தாங்க, அரசாங்கத்துகிட்ட கெஞ்சச் சொல்லி. இவரு கெஞ்சவே இல்ல. சமையல்கட்டுக் குழாய் இன்னும் ஒழுகுதான்னு கேட்டாரு. செத்த மனுஷன் குழாயப் பத்தியா கேப்பாரு?"

அதிகாரிகளிடம் சொன்னாளாம். துக்கத்தில் நாள் குழம்பிப் போயிருக்கும் என்றார்களாம்.

அண்ணனின் சாமான்கள் ஒரு பையில் வந்திருக்கின்றன. சட்டைகள், கண்ணாடி, சவரக் கத்தி, எல்லாம். "டார்ச் மட்டும் வரல. கேட்டா, அப்படி ஒண்ணு கிடைக்கலைங்கறாங்க. அது இல்லாம அவரு கக்கூஸுக்குக்கூடப் போக மாட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பழைய டார்ச், கழுத்தில் நீல டேப் சுற்றியது. இயந்திர அறை இரைச்சலில் கூப்பிட்டால் காதில் விழாதாம். அதனால் ஆள்மேல் வெளிச்சத்தை இரண்டு தடவை அடித்துத்தான் கூப்பிடுவார்களாம். அண்ணனுக்கு அது வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. "பொண்டாட்டிய வாயத் தொறந்து கூப்பிட மாட்டாரு. தெருவுல நின்னு ஜன்னல்ல லைட்டை அடிப்பாரு. பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நெனச்சிருப்பாங்க, சொல்லு."

போகும்போது குளியலறைக் கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "தம்பி, நான் சண்டை போட வரல. கடைசில அவரு தனியா இருந்தாரா, அத மட்டும் சொன்னா போதும்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் போன பிறகும் நிற்கவில்லை. நான்தான் போய்க் கதவைத் தட்டினேன். முழு உடுப்போடு, வாளி நிரம்பி வழிய, நின்றுகொண்டிருந்தார்.

மார்ச் 12

அக்கா ஒரு பத்திரிகைக்காரரிடம் தொலைபேசி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். நாடே பற்றிக்கொண்டது. டிவியில் இரண்டு கட்சி. ஒரு கட்சி: பணயத்தொகை கொடுத்துத்தான் மீட்டார்கள், சண்டையே நடக்கவில்லை, எல்லாம் படப்பிடிப்பு. இன்னொரு கட்சி: அந்தப் பொம்பளை எதிரியிடம் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாள். இரண்டு பக்கமும் கத்துகிறவர்கள் யாரும் கப்பலைக் கிட்டத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாப்பா பள்ளியிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். "அம்மா, அப்பா நிஜமாவே கப்பல்ல இருந்தாரா, இல்ல நடிச்சாரா?"

என்ன சொல்வேன்? "நடிக்கத் தெரிஞ்சா உங்கப்பா இந்நேரம் எங்கயோ இருந்திருப்பாருடி" என்றேன். அவள் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை.

மார்ச் 14

இஸ்திரி வந்தார். இவரைக் கப்பலிலிருந்து கூட்டி வந்த நாளிலிருந்து வந்து போகிற அதிகாரி. பெயர் என்னவோ சொன்னார், சட்டை மடிப்புதான் நினைவில் நிற்கிறது, அதனால் எனக்கு அவர் இஸ்திரி. நல்ல மனிதர் மாதிரிதான் பேசுகிறார். பாப்பாவுக்கு வண்ணப் பென்சில் வாங்கி வந்தார்.

துறைமுகத்தில் கரை வேலையாம். நிரந்தரம். இனிக் கடலுக்குப் போக வேண்டாம். மாலை ஆறு மணிக்கு மனுஷன் வீட்டுக்கு வந்துவிடுவார். இதைத்தானே நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்!

26ஆம் தேதி விழாவாம். மீட்ட வீரர்களுக்குப் பாராட்டு. அங்கே இவர் மேடையேறிப் பேச வேண்டும். "ஊர்ல என்னென்னமோ பேசறாங்க. அவர்கூட வேலை பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க சொன்னா அடங்கிடும். அந்த அம்மாவுக்கும் அதான் நல்லது, வீரமா செத்தார்ங்கற பேர் நிக்கும்." நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் செருப்பைப் பார்த்தார்.

"சரின்னு சொல்லுங்களேன்" என்றேன். நான்தான் சொன்னேன். இவர் சரி என்றார்.

மார்ச் 17

எழுதினால்தான் மனசு ஆறும்.

சாயங்காலம் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று கசக்கிக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, தினமும் கடையில் எத்தனையோ பேருக்குச் செய்வதுபோல, பையிலிருந்த சின்ன டார்ச்சை எடுத்து இமையைத் தூக்கி வெளிச்சம் அடித்தேன். பட்டன் சரியாக அழுந்தவில்லை. அணைந்து மறுபடி எரிந்தது. அவ்வளவுதான்.

நாற்காலியோடு சரிந்தார். தலைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, மேசைக்கடியில் சுருண்டு, "அணைங்கண்ணே! அண்ணே, அணைச்சிடுங்கண்ணே!" என்று கத்தினார். இவர் கத்தி நான் கேட்டதே இல்லை. பாப்பா பக்கத்து வீட்டில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

தரையில் நானும் உட்கார்ந்தேன். அங்கேயே வைத்துச் சொன்னார்.

மற்றவர்களை எல்லாம் மேலே அடைத்து வைத்திருக்கிறார்கள். இயந்திரம் ஓட வேண்டுமே, அதற்காக அண்ணனும் இவரும் மட்டும் கீழே. அன்று திடீரென விளக்குகள் போய்விட்டன, ஆனால் ஒரு ஜெனரேட்டர் மட்டும் இரைந்துகொண்டே இருந்தது. மேலே சுட்டதும் கத்தியதும் இவர்களுக்குக் கேட்கவில்லை. ஏணியில் கறுப்பு உடையில் ஆட்கள் இறங்குவது மேலிருந்து விழுந்த மங்கல் வெளிச்சத்தில் நிழலாகத் தெரிந்தது. நம்ம ஆளுங்க என்று தொப்பியைப் பார்த்து முதலில் கண்டுகொண்டது அண்ணன்தான். "சிரிச்சாரு. என் தோளைப் புடிச்சு உலுக்குனாரு. வந்துட்டாங்கடாங்கற மாதிரி." அவர்கள் ஏதோ கத்தியிருக்கிறார்கள், கையைத் தூக்கு என்றோ, படு என்றோ. கையை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. இங்கே இருக்கிறோம், பயப்படாமல் வாருங்கள் என்று சொல்ல வேண்டுமே. அந்த அறையில் அதை எப்படிச் சொல்வார்கள்? அண்ணன் எத்தனையோ வருஷமாகச் சொன்னபடியே சொன்னார். டார்ச்சை எடுத்து அவர்கள் நெஞ்சில் வெளிச்சம் அடித்தார். ஒரு தடவை. அணைத்து, இரண்டாம் தடவை.

அவர்கள் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்ததோ. சுட்டுவிட்டார்கள்.

சுட்ட பையனுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காதாம். முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்து காயத்தைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தானாம். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் கையை எடுக்கவில்லையாம். மேலதிகாரி வந்து இழுத்துக்கொண்டு போனாராம்.

திரும்பி வரும் வழியில் இஸ்திரி இவரிடம் பேசியிருக்கிறார். நம்ம பையன் கையால் செத்தார் என்றால் யாருக்கு நல்லது? அவனுக்கா, அந்த அம்மாவுக்கா? முதல் நாளே கடத்தல்காரர்கள் கொன்றதாக இருக்கட்டும். இவர் தலையாட்டிவிட்டார். குளிப்பாட்டி, வேறு சட்டை கொடுத்து, சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்திருந்தார்களாம். "அந்த நேரத்துல என்ன சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்."

மார்ச் 18

நாடகம் இல்லை. பணயத்தொகை இல்லை. ஒரு டார்ச். ஊரே அடித்துக்கொள்கிற விஷயம் இவ்வளவுதான்.

இவர் காலையில் கேட்டார்: "அக்காகிட்ட சொல்லிடட்டுமா?"

வேண்டாம் என்றேன். ஆமாம், வேண்டாம் என்றுதான் சொன்னேன். இவர் கடத்தப்பட்டுக் கிடந்தபோது, கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி எப்போது வரும் என்று தொலைபேசி பக்கத்திலேயே விழுந்து கிடந்தது நான்தானே? எனக்கு என் புருஷன் வேண்டும். ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிற புருஷன். சொல்லி என்ன ஆகப் போகிறது, அண்ணன் எழுந்து வரவா போகிறார்?

எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 20

அக்கா கடைக்கு வந்தாள். அண்ணனின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தாள்! அவர் பவர் வேறு, இவள் பவர் வேறு. படியேறும்போதே தடுமாறினாள்.

"கழட்டுக்கா, தலை சுத்தும்."

"சுத்துது. ஆனா இதப் போட்டா எதுவும் சரியா தெரிய மாட்டேங்குது தங்கச்சி, அது நல்லாருக்கு. கழட்டினா மேல்தளந்தான் தெரியுது. அவரு முட்டி போட்டு உக்காந்திருக்காரு. சுத்தி அவனுங்க. நம்ம ஆளு ஒருத்தர்கூட இல்ல. தினமும் அதையே பாக்கறேன். பாத்திரம் கழுவும்போதும் அதான்."

கண்ணாடியின் காம்பு தளர்ந்திருந்தது, காதில் நிற்கவில்லை. சரிசெய்து தா என்றாள். திருகாணியை இரண்டு தடவை கீழே தவறவிட்டேன். முதலாளிதான் வாங்கிச் சரிசெய்தார்.

நடக்காத ஒன்றை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்க்க விட்டது யார்? அரசாங்கமா? இஸ்திரியா? அவர்கள் ஒரு தடவை சொன்னார்கள். இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்துகொண்டு, தெரிந்தும், ஒவ்வொரு நாளும் வாயை மூடிக்கொண்டிருப்பது நாங்கள்தானே. பாவி நான்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். "போய்ச் சொல்லிடுங்க. நானும் வர்றேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும், போங்க."

மார்ச் 22

சொல்லிவிட்டார்.

அக்கா வீட்டுச் சமையலறையில், குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்ததால் இவரும் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

முடிந்ததும் ஒன்று கேட்டாள். "சிரிச்சாரா?"

"சிரிச்சாருக்கா."

"நீ பக்கத்துலயே இருந்தியா?"

"என் தோள்மேல அவரு கை இருந்துச்சுக்கா."

அப்புறம்தான் இவரை அடித்தாள். முதுகிலும் தோளிலும், இரண்டு கையாலும். "இத்தனை நாளா ஏண்டா சொல்லல, ஏண்டா சொல்லல" என்று. இவர் நகரவில்லை. நான் தடுக்கவில்லை. களைத்துப்போய் அந்தத் தோளிலேயே தலையை வைத்து அழுதாள்.

கிளம்பும்போது, "அந்தப் பையன்... அவங்கம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றார். இவர் திருகுகோல் கேட்டு வாங்கிக் குழாயைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

மார்ச் 26

விழா. நான் போகவில்லை, கடையில் டிவி. வாத்தியார் புதுக் கண்ணாடி வாங்க வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மேடையில் இவர் புதுச் சட்டையில். அது நான் தேய்த்த சட்டை, இஸ்திரியின் மடிப்புக்குப் பக்கத்தில் கூட நிற்காது. முதலில் காப்பாற்றியதற்கு நன்றி சொன்னார், மனதாரத்தான் சொன்னார். பிறகு, "ஃபிட்டர் அண்ணன் மேல்தளத்துல சாகல. என் பக்கத்துல நின்னுட்டிருந்தாரு. உங்களைக் கூப்பிடத்தான் லைட்டு அடிச்சாரு" என்றார். கேமராவைப் பார்த்துத்தான் சொன்னார்.

அடுத்த நொடி மெத்தை விளம்பரம். ஒரு பெண் குதித்துக் குதித்து உட்கார்ந்து காட்டினாள். எவ்வளவு நேரம் அந்தப் பாழாய்ப்போன மெத்தை!

மார்ச் 29

உண்மை வேண்டும் உண்மை வேண்டும் என்று கத்தினார்களே, இந்தா என்று கொடுத்தால் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை.

கொடி பிடிப்பவர்கள் துரோகி என்கிறார்கள். வீட்டுச் சுவரில் எழுதிவிட்டும் போனார்கள். அரசாங்க அறிக்கை இவருக்கு மனநிலை பாதிப்பு, தகுந்த சிகிச்சை அளிக்கப்படும் என்கிறது. சரி, அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நாடகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுமா? வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகச் சொன்னார்: "உன் வீட்டுக்காரர்னு தெரியாம போச்சும்மா. ஆனா டார்ச் அடிச்சதுக்கா சுடுவாங்க? இது அவங்களே எழுதிக் குடுத்த புதுக் கதை. பின்னால பெரிய விஷயம் இருக்கு, உன் வீட்டுக்காரர் மறைக்கிறாரு."

அவருடைய புதுக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை சரியான பவர்தான்.

முதலாளி என்னைப் பின்னறைக்கு மாற்றிவிட்டார். லென்ஸ் தேய்க்கிற வேலை. "கொஞ்ச நாளைக்கும்மா, ஜனங்க வேடிக்கை பாக்க வர்றாங்க" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது.

ஏப்ரல் 6

கரை வேலை இல்லை. கப்பல் கம்பெனியும் கூப்பிடாது. பாப்பா வண்ணப் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து, "இத திருப்பிக் குடுக்கணுமாம்மா?" என்று கேட்டாள். தேவையில்லை என்றேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 19

மோட்டார் ரிப்பேர் கடையில் இவருக்கு வேலை கிடைத்தது. கூலி குறைச்சல். ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறார்.

மே 2

இரவு நடுவில் விழித்துப் பார்த்தேன். கட்டிலில்தான் படுத்திருந்தார்.

மே 11

சாயங்காலம் மின்சாரம் போய்விட்டது. தெருவே இருட்டு. பாப்பா மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தாள், இவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

ஜன்னலில் வெளிச்சம் விழுந்தது. அணைந்தது. மறுபடி விழுந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. இவரைத்தான் முதலில் பார்த்தேன். சுவரோடு சாய்ந்து, கண்ணை இறுக்கி மூடி, ஆணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விழவில்லை. மூச்சு திரும்பியதும் கண்ணைத் திறந்து, "அண்ணன் டார்ச்சு அது. மஞ்சளாத்தான் எரியும்" என்றார்.

கீழே இறங்கிப் போனோம். தெருவில் அக்கா நின்றிருந்தாள், தன் சொந்தக் கண்ணாடியோடு. கையில் டார்ச். கழுத்தில் நீல டேப்.

மதியம் தபாலில் வந்ததாம். அனுப்பியவர் பெயர் இல்லை, உள்ளே கடிதமும் இல்லை. சாக்குத் துணியில் பத்திரமாகச் சுற்றி, புது பேட்டரிகூடப் போட்டு அனுப்பியிருக்கிறான். யார் என்று யாரும் கேட்கவில்லை. இவ்வளவு நாளும் சுட்ட அந்தப் பையன் கையில்தான் இருந்திருக்கிறது. நாட்டிலேயே இவர் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்ள மனசுள்ள இன்னொரு ஆள் அவன்தானே.

"பத்திரிகைக்காரங்ககிட்ட காட்டலாமாக்கா? இப்பவாவது நம்புவாங்க" என்றேன். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"எதுக்கு? எங்க வாங்குனே, எவ்வளவு குடுத்தாங்கன்னு கேப்பாங்க. அந்தப் பையனையும் தேடிப் புடிச்சு மேடையேத்துவாங்க." டார்ச்சை இவர் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, பட்டன் கொஞ்சம் லூசா இருக்கு. நாளைக்குக் கடைக்கு எடுத்துட்டுப் போய் சரி பண்ணிக் குடு. மறக்காம திருப்பிக் குடுத்துடு" என்றாள்.

இவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு இருட்டில் அவள் தடுக்கி விழாமல் இருக்க, வழி முழுக்க வெளிச்சம் காட்டிக்கொண்டு வீடுவரை கொண்டுபோய் விட்டு வந்தார்.